வாய்வரை நிரம்பிய டேங்க்

வால்பாறை ஷெட்டுக்கு வருகிறவர்களெல்லாம் "எஸ்தர் இருக்குதா?" என்றே கேட்டார்கள். எஸ்தர் அங்கே இளைய மெக்கானிக்; தலைமை மெக்கானிக் தவசியப்பனுக்கு வயிறு எரிந்தது.

எஸ்டேட் துரையின் காட்டுப்பாதை பிக்கப், பெட்ரோல் பம்ப் செத்துப்போய் இழுவையில் வந்தது. பம்ப் இருப்பது டேங்குக்குள். டேங்க் இருப்பது வண்டிக்கு அடியில். யாரும் இல்லாத நேரம் பார்த்து, தவசியப்பன் தன் காசில் கேன் கேனாகப் பெட்ரோல் வாங்கி, ஒற்றை ஆளால் இறக்க முடியாத கனத்துக்கு டேங்கை வாய்வரை நிரப்பினார்.

"பெட்ரோலை வெளியே எடுக்காதே, தீப்பிடிக்கும். துரை வர்றதுக்குள்ள ஒத்தையா டேங்கை இறக்கிப் பம்பை மாத்து, பார்ப்போம்!" என்று எஸ்தரிடம் சவால் விட்டார்.

"டேங்கை எதுக்குங்ணா இறக்கணும்?" என்றாள் எஸ்தர். பின்பக்கத்து லோடு தொட்டியின் போல்ட்டுகளைக் கழற்றி, கூரையில் தொங்கிய செயின் பிளாக்கில் மாட்டி, சங்கிலியை இழுத்து அதை மேலே தூக்கினாள். டேங்கின் தலையிலேயே பம்ப் மூடி இருந்தது. திறந்து மாற்றிவிட்டு, தொட்டியைப் பழையபடி பூட்டினாள்.

துரை சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது. பெட்ரோல் முள்ளைப் பார்த்துத் திகைத்தார்.

"காலியாத்தானே விட்டுட்டுப் போனேன்! யாரும்மா நிரப்புனது?"

"அண்ணனாத்தானுங்க இருக்கும். அவர் பெஞ்சுக்கு அடியிலதான் காலி கேனெல்லாம் கிடக்குது."

துரை நெகிழ்ந்துபோய்த் தவசியப்பனின் கையைக் குலுக்கினார். "ரொம்ப நன்றி தவசி. அடுத்த தடவையும் வண்டியை எஸ்தர்கிட்டயே குடுத்துருங்க" என்றவர், தவசியப்பன் காசிலேயே மலையேறினார்.