புல்லுக்குள் போன இலைகள்

"இனிமே என்னால பெருக்க முடியாதும்மா. பதினோரு மணி பஸ்ஸுல ஊருக்குப் போயிடறேன்."

மரகதம் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றாள். அவளுக்கு அறுபத்திரண்டு வயது. குரு தயாபரி அவளைவிட இருபது வயது இளையவர்.

இரண்டு மாதத்துக்கு முன் இந்த மலை ஆசிரமத்துக்கு வந்தபோது அவள் கேட்டது ஒன்றுதான். "போன ஆடியில வீட்டுக்காரர் போயிட்டார். அவரை மறக்கணும்."

தயாபரி புல்தரையைக் காட்டினார். "இந்தப் புல்லைக் கவனிச்சுக்குங்கக்கா."

சில்வர் ஓக் மரங்கள் இலை உதிர்க்கும் காலம் அது. மரகதம் ஓர் இலை விடாமல் பெருக்கி, மூலையில் குவித்தாள். கை காய்த்துப்போயிற்று. பெருக்கிய இடத்தில் புல் மஞ்சளாகி வேரோடு வந்தது.

"நேத்து ஒட்டடைக் கம்பால மரத்தை உலுக்கினீங்களாமே?" என்றார் தயாபரி.

"நாளைக்கு விழறது இன்னிக்கே விழட்டும்னு."

"விழுந்துதா?"

"என் தலையில."

தயாபரி சிரிக்கவில்லை. "அவரை மறந்தாச்சா?"

"எங்கேம்மா மறக்கறது? காபி ஆத்தினா அவர் இருமறது கேக்குது. காதைப் பொத்திக்கிட்டாலும் கேக்குது. அலுத்துப்போச்சு."

தயாபரி கொட்டகையிலிருந்து புல் வெட்டும் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். வெட்டியது விழுவதற்காகப் பின்னால் மாட்டியிருந்த பையைக் கழற்றிப் போட்டார். பிறகு மூலைக்குப் போய், குவியலை இரண்டு கையாலும் அள்ளிப் புல்தரை முழுக்க வீசினார்.

"ஐயோ, அம்மா! காலையிலேர்ந்து பெருக்கினது!"

"தள்ளி நில்லுங்கக்கா."

மெஷின் இரைந்தது. நீளவாட்டில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை. இலைகள் நொறுங்கித் தூளாகி விழுந்தன.

சத்தம் நின்றது. மரகதம் குனிந்து புல்லை விலக்கிப் பார்த்தாள். அடியில் பழுப்பாகக் கொஞ்சம் பொடி.

"அவ்வளவு இலையும் எங்கேம்மா போச்சு?"

"எங்கேயும் போகலை. இனி அதைப் புல் தின்னும்."

தயாபரி அந்தத் தரையிலேயே உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டிக் காட்டினார். மரகதம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தாள்.

"எப்படி இருமுவார், உங்க வீட்டுக்காரர்?"

எட்டு மாதமாக யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை.

மரகதம் தொண்டையைச் செருமிக்கொண்டாள். இருமிக் காட்டினாள்.

கீழே வளைவில் பஸ் ஹாரன் அடித்தது.

"இல்லை," என்றாள், "இன்னும் கொஞ்சம் இழுப்பார்." மறுபடி இருமினாள்.