சட்டை கழற்றாத ஆமைகள்

அறிவாளிகளுக்கு எங்கள் ஊரில் குறைவே கிடையாது. ஆனால் தாங்கள் அறிவாளிகள் என்பதை அவர்கள் எதை வைத்துத் தெரிந்துகொள்வார்கள்? அதற்காகத்தான் நாங்கள் மூன்று பேர் இருந்தோம்: கோமதிநாயகம் அண்ணாச்சி, இசக்கி, நம்பி என்கிற நான். யோசிப்பது அண்ணாச்சியின் வேலை, செய்வது இசக்கியின் வேலை. இரண்டும் வராததால் எனக்குத் தலையாட்டும் வேலை.

பர்வதம்மாள் வீட்டுப் பின்கட்டில் எங்களுக்கு ஓர் அறையும் வேளாவேளைக்குச் சோறும் உண்டு. அந்த அம்மாள் இரண்டு ஆமைக் குஞ்சுகளைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்து வந்தாள். மகளுக்கு வளைகாப்பு என்று வெளியூர் கிளம்பும்போது எங்களைக் கூப்பிட்டாள்.

"தினமும் இதுகள வெதுவெதுப்பான தண்ணியில விடுங்க, நல்லா ஊறட்டும். பொறவு வெயில்ல காயணும். கீரையப் பொடியா நறுக்கிப் போடுங்க. நான் வாறப்ப ரெண்டும் நல்லபடியா இல்லேன்னா, நீங்க மூணு பேரும் மூட்டையக் கட்டிர வேண்டியதுதான்."

சோற்றுக்கே ஆபத்து என்றால் முட்டாளுக்கும் பொறுப்பு வந்துவிடும். மறுநாள் காலையில் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, விரல் விட்டுச் சூடு பார்த்து, ஆமைகளை இறக்கினோம். அண்ணாச்சி திடுக்கிட்டார்.

"ஏலே, சட்டையோடயா குளிக்கும்?"

"எங்க அம்மை என்னைய ஒருநாளும் சட்டையோட குளிப்பாட்டினதில்ல" என்றான் இசக்கி.

ஓட்டைக் கழற்றப் பார்த்தோம். பொத்தான் எதுவும் அகப்படவில்லை. ஆமைகளோ தலையை உள்ளே இழுத்துக்கொண்டன.

"பாத்தியா, வெக்கம்!" என்றார் அண்ணாச்சி. "மூணு தடியனுவ முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்தா அதுக எப்படிக் கழத்தும்? திரும்புங்கலே!"

நியாயம்தானே. மூவரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தோம். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள், வெயில் உச்சிக்கு வரும்வரை ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு பார்த்தால் தாம்பாளத்தில் தண்ணீர் மட்டும்தான் இருந்தது.

வேலையும் தெரியாத, புத்தியும் இல்லாத என்னை இனி எந்த வீட்டில் வைத்துச் சோறு போடுவார்கள் என்று நினைத்து அழுதே விட்டேன்.

"அண்ணாச்சி, ரெண்டும் எங்க போச்சு?"

அண்ணாச்சி குனிந்து தண்ணீரைப் பார்த்தார். "எங்கயும் போகல. அம்மா நல்லா ஊறட்டும்னு சொன்னா. நாம ரொம்ப ஊறவச்சிட்டோம். கரைஞ்சு போச்சு."

"உப்பு மாதிரியா?"

"கருப்பட்டி மாதிரி. குஞ்சுல்லா, எளசு."

எனக்கு உயிர் வந்தது. ஆமைகள் இருக்கின்றன, உருவம்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. கீரையைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் தூவினோம். "ஆ காட்டு, ஆ காட்டு" என்று நான் தாம்பாளத்திடம் கெஞ்சிக்கொண்டிருந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துவிட்டு அறிவாளியாகப் போனார்.

மறுநாள் குளியல் நேரத்தில் இசக்கிக்குச் சந்தேகம் வந்தது. "தண்ணிய எப்படிக் குளிப்பாட்டுறது?"

"தண்ணி ஊத்தித்தான்."

ஊற்றினோம். ஆமைகள் ஒரே நாளில் இரண்டு மடங்கு வளர்ந்துவிட்டன! தாம்பாளம் கொள்ளாமல் குடத்துக்கும், குடம் கொள்ளாமல் அண்டாவுக்கும் மாற்றினோம். மாற்றும்போது இசக்கி கைதவறிக் கொஞ்சத்தைக் கீரைப்பாத்தியில் கொட்டிவிட்டான். "கொலகாரப் பாவி!" என்றார் அண்ணாச்சி. அன்று முழுக்க அவனோடு நாங்கள் பேசவில்லை. பாத்தியில் கீரையெல்லாம் கடிபட்டுக் கிடந்தது. மனவேதனையில் இசக்கிதான் மேய்ந்திருப்பான் என்று பாவம் பார்த்து விட்டுவிட்டோம்.

பர்வதம்மாள் வந்து இறங்கினாள். "பிள்ளைகள எங்க?"

அண்ணாச்சி பெருமையோடு அண்டாவைக் காட்டினார். "எப்படி வளந்திருக்குன்னு பாருங்கம்மா!"

நடந்ததைக் கேட்டு அம்மாள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். "மூட்டையக் கட்டுங்க" என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், கீரைப்பாத்தியிலிருந்து இரண்டு ஆமைகளும் கொழுகொழுவென்று, கீரையை மென்றபடி வெளியே வந்தன. அம்மாள் அள்ளி மடியில் வைத்துக்கொண்டு அழுதாள், பிறகு சிரித்தாள்.

"நீங்க பாத்துக்கிடாததாலதான் பொழச்சுக் கெடக்கு. இருந்து தொலைங்க. ஆமை பக்கம் மட்டும் வந்துராதிய!"

சோறு தப்பியது. ஆனால் அண்ணாச்சி யோசனையில் இருந்தார்.

"ஏலே நம்பி, இசக்கி கொட்டினது எங்க?"

"கீரைப்பாத்தியில."

"வெயில்ல காஞ்சுதா?"

"காஞ்சுது."

"ஆமை எங்கருந்து வந்துது?"

நான் வாயைப் பிளந்தேன். அண்ணாச்சி இசக்கியைக் கட்டிப்பிடித்து மன்னிப்புக் கேட்டார். "வெயில்ல காயணும்னு அம்மா இதுக்குத்தாம்லே சொல்லியிருக்கா! கொஞ்சம் கொட்டினதுக்கே ரெண்டு ஆமை. மிச்சம் அண்டா நெறையக் கெடக்கே!"

அன்றே அண்டாவை வெயிலில் தூக்கி வைத்தோம். எத்தனை குஞ்சுகள் வந்தன என்று உங்களுக்குச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் சட்டையில்லாமல் வரும் பிள்ளைகள் கூச்சப்படுமே என்று நாங்கள் மூவரும் இன்னும் சுவரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம்.