தேங்காயை மலை என்ற ராஜா

முன்னொரு காலத்திலே வெண்ணாற்றூர்ச் சீமையைப் பரிதிமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் வந்து காதில் ஓதினார்களோ, அவர்கள் பேச்சே சட்டமாகிவிடும்.

அவர் மகள் செல்லம்மைக்கு நாலு வயது. கொட்டாங்கச்சியில் மணலை அள்ளிச் சோறு பொங்குவாள். "சுடுதா கண்ணு?" என்று ஊதி ஊதி மரப்பாச்சிக்கு ஊட்டுவாள். அமைச்சர் குமரேசருக்கும் ஒரு பங்கு உண்டு. தாம் நடத்தும் பாடத்தை விட்டுவிட்டுக் குழந்தை அமைச்சரோடு விருந்து நடத்துவது அரண்மனைப் பண்டிதர் அகத்தீசருக்குப் பொறுக்கவில்லை.

"மகாராஜா, இல்லாததை இருக்கிறதென்பது பொய். மணலைச் சோறென்னும் பிள்ளை நாளை எதைத்தான் சொல்லாது?" என்று ராஜாவின் காதில் ஓதினார்.

அன்றே பறையறைந்தார்கள்: இல்லாததை இருப்பதாகச் சொல்பவர் யாராயினும் கோட்டைக்கு வெளியே. கொட்டாங்கச்சிகள் பறிபோயின. "மரப்பாச்சிக்குப் பசிக்குமே" என்று குழந்தை ஒருமுறை கேட்டாள். பிறகு சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.

நாம்தான் பிள்ளையைக் கெடுத்தோமோ என்று குமரேசர் தன்னையே குடைந்துகொண்டார். சோறு பொய், சரி. இன்னொருத்தருக்குப் பசிக்கும் என்று அவள் நினைத்தாளே, அதுவும் பொய்யா?

அந்த வாரமே எல்லையில் பகைவர் படை திரண்டது. சபை கூடியது. தளபதி கோலமாவால் தரையில் ஆற்றை வரைந்தார். ராஜா ஒரு தேங்காயை நடுவில் வைத்தார். "இது கரட்டுமலை." புளியங்கொட்டைகளைப் பரப்பினார். "இவை நம் குதிரைகள்."

குமரேசர் எழுந்து கைகட்டி நின்றார். "பிரபு, மூட்டை கட்டச் சொல்லட்டுமா?"

"யாருக்கு?"

"தங்களுக்குத்தான். அது தேங்காய். இவை புளியங்கொட்டை. சட்டம் தங்களுடையது."

ராஜா தேங்காயிலிருந்து கையை எடுத்தார்.

"விளையாடுகிறோமா ஓய்? நாளைய சண்டையை இன்றே பார்த்துக்கொள்கிறோம்."

"குழந்தையும் அதைத்தான் செய்தாள். இந்த வித்தையை நாமும் மணலில்தானே கற்றோம்?"

பண்டிதர் சீறினார். "படையும் பாப்பா விளையாட்டும் ஒன்றா?"

"சரி, நீர் சொல்லும். மலைக்குப் பின்னால் நிற்கும் பகைவன் இப்போது என்ன நினைப்பான்?"

"அவன் நினைப்பது எனக்கெப்படித் தெரியும்?"

"மரப்பாச்சி என்ன நினைக்குமென்று செல்லம்மைக்குத் தெரிகிறதே, பண்டிதரே."

ராஜா தேங்காயைப் பார்த்தார், சிரித்துவிட்டார். சட்டம் அப்போதே போயிற்று. தன் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். "பண்டிதரே, இன்று பொழுது சாயும்வரை குழந்தை சொல்கிறபடி நீர் விளையாடும்."

சபைக்கு அழைத்துவந்த செல்லம்மை பண்டிதரை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க கைப்பிள்ளை. கைப்பிள்ளைக்குப் பேச வராது."

நாளெல்லாம் பேசும் வாய் மூடிக்கொண்டது. பண்டிதர் குழந்தையின் மடியில் தலைவைத்துப் படுத்தார். அவள் தட்டிக்கொடுத்துக்கொண்டே ஏதோ முனகினாள். கொஞ்ச நேரத்தில் மெய்யாகவே குறட்டை கேட்டது.

ராஜா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"உஸ்… பிள்ளை முழிச்சுக்கும்."

ராஜா பாதக்குறடுகளைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, ஓசைப்படாமல் நடந்தார். அவர் பின்னால் சபை மொத்தமும் அப்படியே நடந்தது.