ஓங்கி மிதித்தால் நிற்கும் பிரேக்

"இந்த வண்டிக்கு வந்த கேடு என்னன்னு நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா. எனக்குக் கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு."

அத்தியப்பன் கார் சாவியைக் குருவின் முன் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்கு. எறிந்தார் என்பதே சரி.

கொல்லிமலையின் மேல், மிளகுக் கொடிகளுக்கு நடுவே இருந்தது அந்தச் சிறு மடம். அதன் தலைவி மரகதத்தம்மையார், நாமக்கல்லில் தந்தையின் லாரிப் பட்டறையில் வளர்ந்து, பின்னர் சித்தாந்தம் கற்றுத் துறவு பூண்டவர். சீடர் அத்தியப்பனோ அவரைவிட வயதில் மிக மூத்தவர். நாக்பூரில் ரயில்வே வேலையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். மடத்தின் பழைய காரை ஓட்டுவது அவர் பொறுப்பு.

"என்ன பண்ணுதுங்க ஐயா?"

"பிரேக் பெடல் இறங்குது. வளைவுல எதிர்ல லாரி வருதுன்னு நிறுத்திக் காத்திருந்தா, காலுக்கு அடியில அது பாட்டுக்கு இறங்கிக்கிட்டே போகுது. சேத்துல கால் புதையற மாதிரி."

"ஆயில் ஒழுகுதா?"

"நாலு சக்கரத்துக்கு அடியிலயும் பேப்பர் விரிச்சு வெச்சேன். விடிஞ்சு பாத்தா எல்லாம் காஞ்சு கெடக்கு. ராசிபலனைக்கூடப் படிச்சேன். பயணம் இனிக்கும்னு போட்டிருக்கான்."

அம்மையார் சிரிக்கவில்லை.

"பிரேக் ஆயில் டப்பாவுல அளவு குறையுதா?"

"குறையவே இல்லீங்க. குறையாததுக்கு மேலயும் கொஞ்சம் ஊத்திப் பாத்தேன்."

"உள்ள காத்து இருக்குமோ?"

"அடிவாரத்து மெக்கானிக் காத்தெல்லாம் எடுத்துட்டான். அவன் மிதிச்சா கல்லு மாதிரி நிக்குது. சரி, நான் காட்டறேன்னு மிதிச்சா அப்பவும் கல்லு மாதிரி நிக்குது. அவன் என்னை ஏற இறங்கப் பாக்கறான். வண்டிக்குக் கோளாறா, பெரியவருக்கான்னு."

"பொறுமையாப் பாக்கலாம்."

"பொறுமையா! நாளைக்கு விடிஞ்சா திருச்செங்கோட்டுல முகூர்த்தம். பொழுது சாயறதுக்குள்ள நான் மலை இறங்கியாகணும்."

முகூர்த்தம் அவருடைய தம்பி செங்கோடனின் மகளுக்கு.

மடத்தில் எல்லோரும் அறிந்த கதை அது. தந்தை இறந்தபோது மூத்த மகனான அத்தியப்பன் ரயிலில் வந்துகொண்டிருந்தார். மூத்தவன் செய்யவேண்டிய கடன். ஆனால் அவர் வந்து சேருமுன் தம்பி கொள்ளி வைத்துவிட்டான். அண்ணனுக்கு மிஞ்சியது சாம்பல்தான்.

போன தை மாதம், தம்பி வீட்டுக் காதுகுத்து விருந்தில், அத்தியப்பன் பாதி இலையில் எழுந்து வந்துவிட்டார். கல்யாணத்திலும் அப்படி எழுந்தால் இனி இந்த வாசற்படியை மிதிக்க வேண்டாம் என்று தம்பி மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். செங்கோடனைத் தவிர அவருக்கு வேறு உறவு இல்லை.

"போகட்டுமாம்மா?" என்றார்.

"எதைப் பத்திக் கேக்கறீங்க? வண்டியைப் பத்தியா, உங்களைப் பத்தியா?"

"எனக்கென்னங்க? அவனை எப்பவோ மன்னிச்சாச்சு. கருமாதி அன்னிக்கு அத்தனை சனத்துக்கு முன்னால என் கால்ல விழுந்தான். தூக்கி நிறுத்திக் கட்டிப் பிடிச்சேன். ஊரே அழுதுச்சு. நான் கலங்கினேனா? இல்லையே! கோளாறெல்லாம் வண்டியிலதான்."

அம்மையார் சாவியை எடுத்துக்கொண்டு வண்டிக் கொட்டகைக்கு நடந்தார்.

அத்தியப்பன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது. அம்மையார் அருகில் நின்றார்.

"மிதிங்க."

அவர் ஓங்கி மிதித்தார். பெடல் அசையாமல் நின்றது.

"பாத்தீங்களா? உங்களைப் பாத்ததும் நல்ல பிள்ளை ஆயிடுச்சு. சனியன்!"

"அதைத் திட்டாதீங்க. நீங்க கேட்டதுக்குத்தான் அது பதில் சொல்லுது."

"நான் என்ன கேட்டேன்?"

"காலை எடுங்க. இஞ்சினைப் போட வேண்டாம். நாலஞ்சு தடவை மிதிச்சு விடுங்க, மிதிக்கறதுக்கு உதவுற இழுவை உள்ள தேங்கியிருக்கும், அது அடங்கட்டும். ஆச்சா? இப்போ காலை வைங்க. ஓங்க வேண்டாம். தூங்கற குழந்தை முதுகுல கை வைக்கிற பாரம், அவ்வளவுதான். வெச்ச காலை எடுக்காதீங்க."

அவர் வைத்தார். ஒரு காகம் கொட்டகைக் கூரையில் இறங்கி, சலித்துப் பறந்தது.

"ஒண்ணும் ஆகலையேம்மா."

"காலை எடுத்துட்டீங்க."

"எடுக்கலைங்க."

"எடுத்துட்டு மறுபடி மிதிச்சீங்க. நான் பாத்துக்கிட்டுத்தான் நிக்கறேன்."

"சும்மா வெச்சிருந்தா எப்படிங்கம்மா தெரியும்?"

"சும்மா வெச்சிருந்தாத்தான் தெரியும்."

அத்தியப்பன் பெருமூச்சு விட்டுக் காலை மறுபடி வைத்தார். எழுபதை நெருங்கும் மனிதரை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல் உட்கார வைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டார்.

"பொண்ணு பேரென்ன?" என்று கேட்டார் அம்மையார்.

"தேன்மொழி."

"மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?"

"ஈரோடு. ஜவுளிக் கடை."

"காதுகுத்து அன்னிக்கு என்ன சமையல்?"

"அது எதுக்குங்க இப்போ?"

"பொழுது போகணுமே. காலை எடுக்காதீங்க."

"கத்திரிக்காய்க் குழம்பு. அரசாணிக்காய்ப் பொரியல். வடை. அப்புறம் ரசம்."

"ரசம் யாரு ஊத்தினாங்க?"

"அவன்தான்."

"அவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. 'அண்ணா, அப்பாவுக்குப் பிடிச்ச மிளகு ரசம், இன்னும் கொஞ்சம் விடட்டுமா'ன்னான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"நல்ல வார்த்தைதானே?"

"நல்ல வார்த்தைதான்."

அம்மையார் மேலே ஒன்றும் கேட்கவில்லை.

"நல்ல வார்த்தைதான்," என்றார் அத்தியப்பன் மீண்டும். "ஆனா அப்பாவுக்கு என்ன பிடிக்கும்னு அவன் எனக்குச் சொல்றானா? நான் மூத்தவன். கடைசியில அப்பா என்ன கேட்டாரு, யாரைத் தேடினாரு, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். எனக்கு ஒண்ணும் தெரியாது. முகத்தைக்கூடக் காட்டலையே! அரை நாள்! ரயிலு பாதி வழியைத் தாண்டிருச்சுன்னு போன் பண்ணினேனே! ஒரு அரை நாள் பொறுக்க முடியலையா அவனுக்கு? இப்போ ரசம் ஊத்தறானாம், ரசம்!"

அவர் குரல் தகரக் கூரையில் மோதித் திரும்பியது.

"ஐயா," என்றார் அம்மையார். "காலைப் பாருங்க."

பெடல் தரையைத் தொட்டிருந்தது.

அவர் காலை எடுக்கவுமில்லை, அழுத்தவுமில்லை. எப்போது அவ்வளவு கீழே போனது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

அவர் இறங்கிக் குனிந்து, ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறத்தையும் விரலால் தடவிப் பார்த்தார். உலர்ந்திருந்தது. பானெட்டைத் திறந்து பார்த்தார். டப்பாவில் ஆயில் அதே கோட்டில் நின்றது.

"வெளியில ஒரு சொட்டுக்கூட இல்லீங்கம்மா. அப்போ எங்கதான் போகுது?"

"எங்கயும் போகலை. பெடலை மிதிச்சா ஆயிலைத் தள்ளுற மாஸ்டர் சிலிண்டருக்குள்ள ரப்பர் தேஞ்சு போச்சு. ஓங்கி மிதிச்சா அது விரிஞ்சு சுவத்தோட ஒட்டிக்கும், நிக்கும். மெதுவா அழுத்தினா, முன்னால நிக்க வேண்டிய ஆயில் அந்த இடுக்கு வழியா நழுவிப் பின்னால வந்துரும்."

"அப்போ நான் ஓங்கி ஓங்கி மிதிச்சதெல்லாம்?"

"நிக்குதுன்னு உங்களுக்கு நீங்களே காட்டிக்கிட்டீங்க."

அத்தியப்பன் பானெட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றார். கையில் கறுப்பு அழுக்கு. அதை வேட்டியில் துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"மேல ஊத்தினா சரியாகாதா?" என்றார், கடைசி நம்பிக்கையாக.

"நிறைஞ்ச டப்பாவுல இன்னும் எவ்வளவு ஊத்துவீங்க?"

அவர் டப்பாவை இன்னொரு முறை எட்டிப் பார்த்தார்.

"இந்த வண்டியில நீங்க மலை இறங்கக் கூடாது," என்றார் அம்மையார். "புது சிலிண்டர் வாங்கி மாத்தினதுக்கு அப்புறம் எடுங்க."

"சரிங்கம்மா."

"கல்யாணத்துக்குப் பஸ்ல போகலாம். ஆனா அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. தம்பி வாசல்லயே நிப்பாரு. 'வாங்கண்ணா'ம்பாரு. நீங்க என்ன சொல்லுவீங்க?"

"உன்னை எப்பவோ மன்னிச்..."

அத்தியப்பன் நிறுத்திக்கொண்டார். பிறகு பானெட்டை மெல்ல இறக்கி மூடினார்.

"இல்லைம்மா. 'இன்னும் மன்னிக்க முடியலைடா செங்கோடா, உள்ள உக்காந்து பேசலாம் வா'ன்னு சொல்றேன்."

"கிளம்புங்க," என்றார் அம்மையார். "பஸ் வர்ற நேரம்."