குனியாத துபாஷியும் கப்பலில் வந்த சொல்லும்

ஒரு ஊரிலே ஒரு துபாஷி இருந்தான் கண்ணு. துபாஷி என்றால் இரண்டு பாஷை பேசிப் பிழைக்கிறவன். பெயர் செம்பகராமன். பாஷைதான் இரண்டு, அறிவு அரையிலே பாதி. ம் கொட்டு, கொட்டினால்தான் கதை நகரும்.

அவன் மனைவி உமையாள், மகள் அல்லி. அல்லிக்கு உப்பளக்காரர் வீட்டுப் பிள்ளைமேல் ஆசை, அவனுக்கும் அப்படியே. அந்தச் சம்பந்தம் கைகூட வேண்டுமே என்பதுதான் உமையாளின் கவலையெல்லாம்.

அப்போ சீமையிலிருந்து ஓவியன் ஒருவன் கப்பலில் வந்து இறங்கினான். செம்பகராமனை இடுப்பில் ஒரு கை, முன்னே ஒரு கால், வானத்தைப் பார்த்து மோவாய் என்று நிறுத்திவைத்து, சரக் சரக்கென்று வரைந்தான். ஆட்டிட்யூட் நன்றாயிருக்கிறது என்றான். அர்த்தம் கேட்டதற்கு ஓவியன் சொன்னது யாதெனில், அச்சொல்லுக்கு ஆதியிலே பொருத்தம் என்று பொருள். பின்பு ஓவியர் வாயிலே, படத்தில் உருவம் நிற்கிற நிலைக்குப் பெயராயிற்று. உடம்பின் சங்கதி, அவ்வளவே. நம் மகாபண்டிதருக்கோ தமக்குப் பட்டம் சூட்டிவிட்டதாக நினைப்பு. ஓவியன் கப்பலேறிப் போனான். இவன் நின்ற நிலையை விடவில்லை. தெருவிலும் அப்படியே, சோற்றுக்கு முன்னும் அப்படியே.

அப்புறம் நாள் பார்த்து, பிள்ளை வீட்டுக்குத் தாம்பூலம் மாற்றப் போனார்கள். உமையாள் கையில் தட்டு. கூட அவள் தம்பி நல்லையா. பழைய காலத்து வீடு, தாழ்ந்த நிலைவாசல். எப்பேர்ப்பட்டவரும் குனிந்துதான் நுழைய வேண்டும்; அந்தக் குனிவே அவ்வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. செம்பகராமன் மோவாயை இறக்காமல் நடந்தான். டொக்! தலைப்பாகை நசுங்கியது. அப்புறம் பக்கவாட்டில் புகுந்தான். ணங்! நெற்றி புடைத்தது. அப்புறம் முழங்காலை மடக்கித் தவளைபோல் தத்தினான். உடம்பெல்லாம் தாழ்ந்தது, மோவாய் மட்டும் தாழவில்லை. பொத்தென்று மல்லாந்தான். ம்... சிரிக்காமல் கேள்.

நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. உள்ளே பெரியவர்கள் முகம் கறுத்தது. இன்னும் கொஞ்சம் போனால் சம்பந்தம் முறிந்துவிடும்.

உமையாள் அவன் காதோரம் போய், "நம்ம பொண்ணு வாழ்க்கைங்க. ஒரு தடவை தலைய இறக்குங்க" என்றாள்.

"வாசலை இடிக்கச் சொல்லு, வாறேன்."

உமையாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் தட்டை நல்லையா கையில் கொடுத்தாள். தாய்மாமன் இருக்கையில் என்ன குறை? இருவரும் குனிந்தார்கள், உள்ளே போனார்கள். தாம்பூலம் மாறியது. அல்லிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

வெளியே எழுந்து பழையபடியே நின்ற துபாஷியின் தலையில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது. அதை விரட்டக்கூட அவன் இடுப்பிலிருந்து கையை எடுக்கவில்லை. இலை போட்டுக்கொண்டே பிள்ளையின் தாயார் எட்டிப் பார்த்து, "அண்ணனுக்கு உடம்புக்கு ஏதும் சரியில்லையா?" என்று விசாரித்தாள்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு மதினி. மனசுதான் அப்படியே நின்னுபோச்சு" என்றாள் உமையாள், சாப்பிட உட்கார்ந்தபடி.

அப்போதுதான் ஆட்டிட்யூட் என்கிற அந்தச் சொல் உடம்பை விட்டு மனசுக்குக் குடிபோனது என்று வைத்துக்கொள். கதையும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அவன் நிற்கட்டும், நீ படு.