மேக மாடத்துக் கால்சட்டை

முன்னொரு காலத்தில், காலத்துக்கே அவசரம் என்றால் என்னவென்று தெரியாதபோது, ஒரு மலைநாடு இருந்தது. அங்கே மேகங்கள் அரண்மனைச் சாளரம் வழியே உள்ளே வரும். தூண்களைச் சுற்றும். அரசரின் மடியில் சற்றுப் படுத்துவிட்டுப் போகும். அரசரும் பாதி நாள் கனவில் இருப்பார். மீதி நாள் அந்தக் கனவைச் சபையில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கடல் கடந்து வந்த தூதன் ஒருவன் அவருக்கு நீல வெல்வெட் கால்சட்டை ஒன்றைப் பரிசளித்துவிட்டுப் போனான். அன்றைய கனவில் அரசர் அதை அணிந்து மேகங்களின்மேல் நடந்தார்.

"ஆஹா, என்ன கம்பீரம்!" என்றார் அலங்கார அதிகாரி ஆபத்சகாயர், கனவைத் தாமும் கூடவே கண்டவர்போல. "மகாராஜா, இனிச் சபையில் அனைவருக்கும் கால்சட்டைதான். முழங்கால் தெரிய நிற்பவர் எவராயினும், எத்தனை பெரியவராயினும், வாசலுக்கு வெளியே நிறுத்தப்படட்டும்!"

அரசர் கொட்டாவியோடு முத்திரை வைத்தார்.

சபையில் முழங்கால் தெரிய நிற்பவர் ஒருவர்தான். மேகம் பார்க்கும் காடப்பர். மலைக்குடிகளின் சிவப்புக் கட்டம் போட்ட துணியை முழங்காலுக்கு மேல் சுற்றியிருப்பார். விடியற்காலையில் மேக மாடத்து ஏணியில் ஏறி, மழை எப்போது வரும் என்று பார்த்துச் சொல்வார். அரசர் தினமும் முதலில் கேட்பது அவர் பேச்சைத்தான். ஆபத்சகாயருக்கு வயிறு எரிந்தது அதனால்தான்.

மறுநாள் காவலர்கள் காடப்பரை வாசலிலேயே மறித்தார்கள். அந்த வழியாக வந்தான் அரண்மனை விகடகவி பூவணன்.

"என்னண்ணே, மேகமெல்லாம் உள்ளே போகுது, நீங்க வெளியே நிக்கிறீங்க?"

"மேகத்துக்கு முழங்கால் இல்லையே தம்பி, அதான் விட்டுட்டாங்க" என்றார் காடப்பர். பிறகு குரல் தாழ்ந்தது. "நாளைக்குக் காலையில கால்சட்டையோட வரலேன்னா வேலை போச்சாம். இந்தத் துணிக்கு மேலயே மாட்டிக்கிட்டு ஏணியில ஏறிப் பாத்தேன். முதல் படியிலயே முழங்கால் மடங்கல. அதுகூடப் போகட்டும். எங்க மலையில மீசை அரும்புற அன்னிக்கு இந்தத் துணியைக் கட்டிவிடுவாங்க. இதை விட்டு வேற உடுத்தினவன் செத்தவன். உயிரோட இருக்கும்போதே பேர் சொல்லி அழுதுருவாங்க."

பூவணன் உள்பக்கம் திரும்பினான். பனிமூட்டத்துக்கு அப்பால், சபா மண்டபத்து நடுவில் நின்ற கற்சிலையையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்த அரசகுலத்தை நிறுவிய முதல் மன்னரின் சிலை அது. அதன் பாதத்திலிருந்து ஒரு பூ எடுத்து முடியில் சூடாமல் எந்த அரசரும் அரியணையில் உட்காரக்கூடாது. அது குல வழக்கம்.

அடுத்த நாள் அரசர் பூவுக்குக் கை நீட்டினார். கையில் மேகம்தான் அகப்பட்டது. பீடம் காலி!

"எங்கே எம் முதல் பாட்டனார்?"

"வாசலுக்கு வெளியே காடப்பரோடு நிற்கிறார், மகாராஜா" என்றான் பூவணன். "முழங்கால் தெரிந்தது. பதினாறு பேர் சேர்ந்து தூக்கினோம்."

"அபசாரம்! அது சிலை!" என்று குதித்தார் ஆபத்சகாயர்.

"எவராயினும், எத்தனை பெரியவராயினும் என்றது தாங்கள்தானே, அதிகாரியாரே? அவரைவிடப் பெரியவர் இந்நாட்டில் யார்?"

"அப்படியானால் அவருக்கும் கால்சட்டை போட்டே உள்ளே கொண்டுவருகிறேன்!"

உட்கார முடியாத அரசர் பின்தொடர, புது வெல்வெட் கால்சட்டைகளோடு சபையே வெளியே போனது. தையற்காரர் ஒரு கால்சட்டையை விரித்துப் பிடித்துச் சிலையின் முன் குந்தினார். "ஐயா, பெரியவரைக் கொஞ்சம் காலைத் தூக்கச் சொல்லுங்க."

ஆபத்சகாயர் முதல் மன்னரின் பாதத்தைப் பிடித்து முக்கினார். முகம் சிவந்தது. கல் அசையவில்லை.

"இடது காலையும் கேட்டுப் பாருங்கள். வலது காலுக்கு ஏதோ கோபம்" என்றான் பூவணன்.

காடப்பர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். "மகாராஜா, பத்து எண்ணுறதுக்குள்ள மழை."

ஏழிலேயே கொட்டியது. வெல்வெட்டெல்லாம் நீர் குடித்துத் தொடையோடு ஒட்டிக்கொண்டது. வாசற்படி ஏற முடியாமல் மந்திரிகள் மரப்பாச்சிகள்போல் நின்றார்கள். அரசருக்கும் கால் மடங்கவில்லை. காடப்பர்தான் இரண்டே எட்டில் மேலே போய்க் கை கொடுத்தார்.

அந்தக் கையைப் பிடித்தபடி அரசர் திரும்பிப் பார்த்தார். முதல் மன்னரின் கல் முழங்கால்களில் மழை அருவிபோல் வழிந்துகொண்டிருந்தது. கனவிலிருந்து விழித்தவர்போல் அவர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு மலையெல்லாம் எதிரொலித்தது.

"இந்த மலையை முதலில் ஏறிய முழங்கால்கள் அல்லவா இவை! பாட்டனாரும் காடப்பரும் அவரவர் உடையோடு உள்ளே வரட்டும். இனி யார் இடுப்பையும் ஆணை தொடாது. பூவணா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மகாராஜாவின் கால்சட்டை."

சிரிப்பு அடங்காமலேயே கொடுத்தார் அரசர். பூவணன் அதைக் காடப்பரிடம் நீட்ட, அவர் மேக மாடத்துக் கம்பத்தில் கட்டினார். காற்று புகுந்ததும் இரண்டு கால்களும் புடைத்து எழுந்தன. அரசர் கனவில் கண்டபடியே ஒரு நீலக் கால்சட்டை மேகங்களின்மேல் நடந்தது.

அன்றுமுதல் ஆபத்சகாயர் சபைக்குள் நுழையுமுன் தினமும் ஒருமுறை அண்ணாந்து அதைப் பார்த்துக்கொள்வார், இன்று காற்று எந்தப் பக்கம் என்று.