மைத்துனர் சுமந்த மோர்ப்பானை

எந்தக் காலம் என்று கேட்காதீர்கள், ரொம்பக் காலத்துக்கு முன்னால் பூங்குறிச்சி நாட்டைக் குமுதவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மாலையில் ஒரு ஆசை. ஒருநாள் ராணியின் தம்பி வேழமூர்த்தி சும்மா உட்கார்ந்து கொட்டாவி விடுவதைப் பார்த்தான். "இனிமேல் சட்டி பானை எல்லாம் அரண்மனைக் கடையில்தான் விற்கணும். கடைக்கு என் மைத்துனர்தான் அதிகாரி" என்று உத்தரவு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டான்.

அந்தக் கடையில்தான் மோர்க்காரி அங்காயி மாட்டிக்கொண்டாள். தேர்த் திருவிழாவில் தேர் நிலைக்கு வந்ததும் ராஜாவுக்கு முதல் குவளை மோர் கொடுப்பது அவள் உரிமை. ராஜா குடித்த மோர் என்றுதான் ஊரே அவள் பந்தலில் வந்து மொய்க்கும். வருஷம் முழுக்க அவள் வீட்டில் அடுப்பு எரிவது அந்தப் பேரால்தான். அந்த உரிமைமேல் வேழமூர்த்திக்கு வெகுநாளாக ஒரு கண்.

தேருக்கு முந்தின நாள் அங்காயி புதுப் பானை வாங்கப் போனாள். எல்லாரும் செய்வதுபோல் விரலை மடக்கித் தட்டிப் பார்க்கப் போனாள். கடை ஆள் பதறிவிட்டான்.

"தட்டாதே! அரண்மனைப் பானையைத் தட்டினா ராஜா தலையில குட்டின மாதிரி!"

தட்டாமலே வாங்கி வந்தாள். வீட்டில் தண்ணீர் ஊற்றினாள். சமையல்கட்டே குளமாகிவிட்டது. பானையைத் தூக்கிக்கொண்டு திரும்ப ஓடினாள். முதல் ஆள், "நான் விக்கிறவன். திருப்பி வாங்குறவர் அவர்" என்று கையைக் காட்டினான். அந்த அவர், "நான் சட்டிக்கு மட்டும். பானைக்கு உள்ளே போ" என்றார். உள்ளே இருந்தவரோ கண்ணைத் திறக்காமலே, "நான் சாப்பிடப் போயிருக்கேன்" என்றார். கடைசியில் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்த வேழமூர்த்தியிடமே போய் நின்றாள்.

"ஐயா, பானை ஒழுகுதுங்க. மாத்திக் குடுங்க."

"தண்ணி ஊத்தினியா?"

"ஊத்தினேனுங்க."

"அப்போ அது புழங்கின பானை. புழங்கினதை மாத்தறதில்லை."

"ஊத்தாம ஒழுகுறது எப்படிங்க தெரியும்?"

"ஊத்தாம இருந்திருந்தா ஒழுகியே இருக்காதே! தப்பு யார்மேல?"

அங்காயிக்கு வந்த கோபத்தில் பானையை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள். பல்லைக் கடித்துக்கொண்டு நேரே அரசவைக்கு நடந்தாள். ராஜா ராணி முன்னால் கடையில் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். வேழமூர்த்தியும் பின்னாலேயே பல்லக்கில் வந்து சேர்ந்தார்.

"அத்தான்... மன்னிக்கணும், மகாராஜா! என் கடைப் பானை ஒழுகியதாகச் சரித்திரமே இல்லை. இவள் பொய் சொல்லுகிறாள்" என்றார். அவர் மனமறிந்து பொய் சொல்லவில்லை. பிறந்ததிலிருந்து ஒரு பானையையும் தொட்டதில்லை, அவ்வளவுதான்.

"இப்பவே தண்ணி ஊத்திக் காட்டறேனுங்க" என்றாள் அங்காயி.

ராஜா துள்ளிக் குதித்தான். "ஐயையோ, இங்கே ஊத்தாதே! ஜமுக்காளம் புதுசு! இதோ பார், நாளைக்குத் தேர் நிலைக்கு வருவதற்குள் உன் பேச்சை மெய்யாக்கு. இல்லையென்றால் மோர் கொடுக்கும் உரிமை மைத்துனருக்கு."

வேழமூர்த்தி மீசையைத் தடவினார். அங்காயி அந்த மீசையைப் பார்த்தாள். பிறகு குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னாள்:

"நான் எதுக்குங்க பெரியவங்களோட மல்லுக்கு நிக்கணும்? பானை நல்ல பானைன்னே இருக்கட்டும். இவ்வளவு ஒசத்தியான பானை என்னை மாதிரி ஆள் தலையில வந்தா மகாராஜாவுக்கு மரியாதையா? நாளைக்கு நான் மோர் ஊத்தி வைக்கிறேன். மேளதாளத்தோட மைத்துனர் தலையிலயே வரட்டுமுங்க."

"பேஷ்! இதுவரைக்கும் யாரும் பார்க்காத வேடிக்கை!" என்று ராஜா கைதட்டினான். மேளதாளம் என்றதும் வேழமூர்த்திக்கும் உச்சி குளிர்ந்துவிட்டது.

உச்சி நிஜமாகவே குளிர்ந்தது மறுநாள்தான். பட்டுத் தலைப்பாகைமேல் அங்காயி பானையை ஏற்றிவிட்டாள். நாயனம் முழங்கியது. பாதித் தெரு வரைக்கும் ஒழுகின மோரைத் தலைப்பாகை உறிஞ்சிக்கொண்டது. அப்புறம் அதனாலும் முடியவில்லை. நெற்றியில் இறங்கி, மூக்கு நுனியில் நின்று, மீசையில் சொட்டியது. ஒழுகுகிறது என்று சொன்னால் கடை மானம் போச்சு. மனுஷர் வாயே திறக்காமல் நடந்தார்.

தேரடியில் ராஜா உற்றுப் பார்த்தான். "மைத்துனரே, முகமெல்லாம் என்ன?"

"வியர்வை, மகாராஜா."

"வெள்ளையாக இருக்கிறதே?"

"பரம்பரை வியர்வை."

ராஜா அவர் கன்னத்தில் விரலால் வழித்து நாக்கில் வைத்தான். "உப்பு இருக்கு. பெருங்காயமும் இருக்கு. ஏன் மைத்துனரே, உங்கள் பரம்பரையில் கறிவேப்பிலையும் வியர்க்குமா?"

மீசையில் ஒட்டியிருந்த கறிவேப்பிலையை ராஜா எடுத்துக் காட்டியதும் தேர்வடம் பிடித்தவர்கள் வடத்தை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். ராஜா ராணி பக்கம் திரும்பினான். "உன் தம்பியை எங்கேயாவது மாத்தித் தருவாங்களா?"

"புழங்கின தம்பிங்க. மாத்தறதில்லை" என்று ராணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பானையில் மிச்சமிருந்ததை அங்காயி குவளையில் வடித்துக் கொடுத்தாள். ராஜா ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "உரிமை உனக்கும் உன் பிள்ளைகளுக்கும். இன்றே உனக்குப் புதுப் பானை. மைத்துனர் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிரப்பித் தம் தலையில் வைத்துக் காட்டுவார்" என்றான்.

தேர்க்கூட்டம் மொத்தமும் கடை வாசலுக்குப் போய்விட்டது. ஒரு பானை வைத்தார், நனைந்தார். இன்னொன்று வைத்தார், இன்னும் நனைந்தார். பல் தந்தியடித்தது. பொழுது சாயும் நேரத்தில் ஒரு பானை தலையில் ஏறியது. எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

"ஒழுகலை! அம்மா, ஒழுகலை! எடுத்துக்கோ தாயே!" என்று வேழமூர்த்தி அழாத குறையாகக் கத்தினார்.

அங்காயி பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். விரலை மடக்கி நிதானமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

"நல்லாத்தான் இருக்குங்க. வாய்தான் கொஞ்சம் சின்னதாத் தெரியுது. வேற ஒண்ணு காட்டுங்க."